டெல்லியில் குளிர் முடிந்ததும் புல்தரை காய்ந்து கிடக்கிறது. பெயர்த்துவிட்டுப் புதுப்புல் போட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். உங்கள் தோட்டக்காரர் உதட்டைப் பிதுக்கி, "எல்லாம் செத்துவிட்டது" என்று சொல்லி, கையோடு கொரியன் புல்லுக்கு விலையும் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

டெல்லி வீடுகளில் பெரும்பாலும் இருப்பது நம் அருகம்புல்தான். இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் அது வளர்வதை நிறுத்திக்கொண்டு பழுப்பாகிவிடும். தரையோடு ஓடும் தண்டு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. சுள்ளியாக ஒடிந்தால்தான் கவலை. 'அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிற நாமே ஒரு குளிருக்கு அதைக் கைவிடலாமா?

நான் மயூர் விஹாரில் தரைத்தளத்தில் இருக்கிறேன். போன ஜனவரி 13 அன்று மாடி வீட்டுக்காரர்கள் லோஹ்ரிக்கு (பஞ்சாபிகள் நெருப்பு மூட்டிக் கொண்டாடும் பண்டிகை) என் புல்தரை நடுவிலேயே நெருப்பு மூட்டினார்கள். மார்ச்சில் அந்தக் கரிய வட்டத்தைக் காட்டி, "முழுவதும் மாற்றினால்தான் ஒரே நிறமாக இருக்கும், பாபுஜி" என்றார் தோட்டக்காரர். நான் வட்டத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும், டெல்லி மண்ணுக்கு அது ஏற்கெனவே அதிகம். எனவே சாம்பலோடு மேல்மண்ணையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதுமண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, ஓரத்திலிருந்தே கணுவோடு தண்டுகளைக் கிள்ளி மூன்று அங்குல இடைவெளியில் நட்டோம். ஏப்ரல் வெயில் ஏறியதும் வட்டம் மூடிக்கொண்டது.

மற்ற இடத்தில் புல்லை ஒட்ட வெட்டி, வாரியால் சருகை இழுத்தோம். சருகோடு வேர்க்கடலைத் தோலும் வந்தது. குளிர்காலம் முழுவதும் குடியிருப்பே அங்கு நாற்காலி போட்டு வெயில் காய்ந்தால் மண் இறுகாமல் என்ன செய்யும்? கம்பியால் நெருக்கமாகத் துளையிட்டு, சலித்த மணலும் எருவும் அரை அங்குலத்துக்குத் தூவி, நன்றாகத் தண்ணீர் விட்டோம். பச்சை எட்டிப் பார்த்த பிறகு 10 சதுர மீட்டருக்கு 100 கிராம் யூரியா, உடனே மறுபடி தண்ணீர். கோரையைக் கிழங்கோடு தோண்டுங்கள், இல்லாவிட்டால் திரும்ப வரும். மார்ச்சில் கொட்டும் வேப்பிலையை எரிக்காதீர்கள். பொது இடத்தில் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லிவிட்டது.

மண் பரிசோதனை செய்யாமல் பேசுகிறான் என்று வேளாண்மை படித்தவர்கள் வருவார்கள். செய்யுங்கள், நல்லதுதான். நான் வீட்டு முற்றத்தைச் சொல்கிறேன், கோல்ஃப் மைதானத்தை அல்ல. ஏழை வயிற்றில் அடித்தான் என்றும் எழுத வேண்டாம், தோட்டக்காரருக்குக் கேட்ட கூலியைக் கொடுத்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த லோஹ்ரிக்கு அடுத்து வந்த பொங்கலன்று படிக்கட்டு அருகே என் மனைவி போட்ட கோலத்தைக் குடியிருப்போர் சங்கம் ஃபினாயில் விட்டுக் கழுவ வைத்தது. பொது இடத்தை அசுத்தம் செய்யக் கூடாதாம். என் புல்லில் மூட்டிய நெருப்புக்கு எந்த விதி என்று கடிதம் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

ஏப்ரல் கடைசியிலும் எங்காவது சொட்டையாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் புல் வாங்குங்கள். தோட்டக்காரர் சொல்கிற அளவில் பாதி போதும்.