ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் பேஸ் கரகரக்கிறது. புது வூஃபர் வாங்க வேண்டுமா?

இடது பெட்டி மட்டும் கரகரக்கிறது என்கிறீர்கள். அவசரப்பட்டு வூஃபர், அதாவது பெட்டிக்குள் பேஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர், வாங்காதீர்கள். முதலில் அம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு, அதன் பின்னால் இடது வலது வயர்களை மாற்றிக் கொழுவிப் பாருங்கள். கரகரப்பு வலது பெட்டிக்குப் போனால் பிழை அம்ப்ளிஃபயர் பக்கம். இடதிலேயே நின்றால் வூஃபரைக் கழற்றலாம்.

உப்புவெளி மாதிரிக் கடலோரத்தில் வீடு என்றால் வயர் முனைகளையும் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். முனையை வெட்டி, புதிதாகச் சீவிப் பூட்டினாலே சில பெட்டிகள் சரியாகிவிடும்.

அப்புறம் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீற்றரை வூஃபரின் முனைகளில் வையுங்கள். 8 ஓம் வூஃபர் 6 ஓம் அளவில் காட்டினால் கொயில், அதாவது வூஃபரின் கடதாசிக் கூம்புக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருள், அறுந்திருக்காது. கூம்பை அசைக்கும்போது எண் விட்டு விட்டு வந்தால், கூம்புக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்திருக்கலாம். அதை ஈயம் வைத்து ஒட்டலாம். எதுவுமே காட்டாமல், கருகிய மணமும் வந்தால் கொயில் எரிந்துவிட்டது.

எங்கள் ஊரில் நான் அதிகம் சந்தேகப்படுவது கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை வளையத்தைத்தான். அது பொலியூரித்தேன். பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் ஈரக் காற்றில் தானாகவே சிதையும். என் வூஃபரில் நகத்தால் தொட்டதும் கறுப்புப் பிசுக்காக விரலில் ஒட்டியது. வளையம் கிழிந்தால் கூம்பு சரிந்து, கொயில் காந்த இடுக்கில் உரசும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுவாகவே இருக்கலாம். விரல்களைக் கூம்பின் இரு பக்கமும் வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் கொயில் நேராக இருக்கிறது.

வளையம் தனியாக வாங்கலாம். பழைய நுரையையும் பசையையும் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். இதில்தான் நேரம் போகும், கூம்புக் கடதாசி கிழியக் கூடாது. புது வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு வெளி விளிம்பை ஒட்டி, பசை ஈரமாக இருக்கும்போதே கூம்பை மேலும் கீழும் அசைத்து, உரசாத இடம் பார்த்து நிறுத்துங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

வலது பெட்டியின் வளையமும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கொயில் எரிந்திருந்தால் மட்டும் புது வூஃபர். அப்போதும் அதே ஓம், அதே அளவு, இரண்டு பக்கமும் ஒரே மொடல். கூம்பின் விட்டத்தை அளந்து எழுதினால் எந்த வளையம் பொருந்தும் என்று சொல்கிறேன்.