கோலம் போடும் பையனும் அண்ணியின் கவலையும்

சகோதரி, உங்கள் மகன் கோலம் போடுவதைப் பார்த்து, 'அப்பா இல்லாததால் பெண்பிள்ளை மாதிரி வளர்கிறான், அதனால்தான் தெருவில் விளையாடப் போவதில்லை' என்று உங்கள் அண்ணி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 10 வயதுப் பையன் கோலம் போடுவதும், கூச்சப்படுவதும் வேறு வேறு விஷயம். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

பிரிட்டனில் உளவியல் ஆய்வாளர் சூசன் கோலம்போக் குழுவினர் தந்தையின்றி வளர்ந்த 12 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். அந்தப் பையன்களிடம் பெண்களுக்குரியவை என்று சொல்லப்படும் குணங்கள் சற்றுக் கூடுதலாக இருந்தன. ஆனால் ஆண்களுக்குரியவை எனப்படுபவை துளியும் குறையவில்லை! (எங்கள் வீட்டில் தோசை வார்ப்பது அண்ணன்தான். யாரும் கவலைப்பட்டதில்லை.)

ஆறு மாதம் முன்புதானே பிறந்த ஊருக்கு வந்தீர்கள்? அவனுக்கு அங்கே யாரையும் தெரியாது. வகுப்பில் பிடித்த ஒரே ஒரு பையனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கும்பலாக வேண்டாம். அப்புறம், அண்ணி இல்லாத நேரத்தில், பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.