35 நாளை விட்டுவிட்டீர்கள்

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன், திருமணமாகவில்லை. வேலைக்காக 2024 ஜூன் 30 அன்று சிங்கப்பூர் வந்தேன். 2025 முடியும்வரை அமெரிக்கா போகவில்லை. 2024-இல் அமெரிக்காவில் 60,000 டாலர், இங்கே 70,000 டாலர் சம்பளம். வெளிநாட்டுச் சம்பள விலக்காக வரி மென்பொருள் 63,596 டாலரை மட்டுமே கழித்தது. மிச்சத்துக்கான வரியும் எக்கச்சக்கம். தாக்கல் செய்துவிட்டேன். கணக்கு தப்பா?

பதில்: கணக்கு சரிதான், கொடுத்த தேதியில்தான் உங்களுக்கு நட்டம்.

இந்த விலக்கைக் கோரும் படிவம் 2555 கேட்கும் 12 மாதக் காலத்துக்கு, வந்திறங்கிய மறுநாளான ஜூலை 1-ஐத் தொடக்கமாகப் போட்டிருப்பீர்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மென்பொருளும் 2024-இல் விழும் 184 நாளை எண்ணி, முழு ஆண்டு வரம்பான 1,26,500 டாலரில் 366-க்கு 184 பங்கைக் கொடுத்துவிட்டது.

சட்டம் கேட்பதோ தொடர்ச்சியான ஏதாவது 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்தீர்களா என்பதை மட்டும். மீதி 35 நாள் அமெரிக்காவிலேயே கழிந்திருக்கலாம். அந்த 12 மாதம் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கலாம். ஜூலை 1-இலிருந்து எண்ணினால் 330-ஆவது நாள் 2025 மே 26. அதைக் கடைசி நாளாக வைத்துப் பின்னால் போனால் தொடக்கம் 2024 மே 27. இப்போது 2024-க்குக் கிடைப்பது 219 நாள், வரம்பு சுமார் 75,690 டாலர். உங்கள் 70,000 முழுதும் அதற்குள் அடங்கிவிடும். நடுவில் தீபாவளிக்குச் சென்னை போயிருந்தாலும் பாதகமில்லை, இந்தியாவும் வெளிநாடுதானே! ஆனால் ஜூன் மாத அமெரிக்கச் சம்பளத்தையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். நாள் கணக்குதான் நீள்கிறது. விலக்கு வெளிநாட்டில் செய்த வேலைக்கு மட்டும்.

மிச்ச வரி விஷயத்தில் ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. விலக்கிய தொகை அடியில் இருப்பதாக வைத்து, அதற்கு மேலே உள்ள விகிதத்தில்தான் மற்ற வருமானத்துக்கு வரி. 2006 முதல் இதுதான் சட்டம். அமெரிக்கச் சம்பளம் 60,000-இல் பொதுக் கழிவு 14,600 போக உங்களுக்கு மிஞ்சுவது 45,400. தனியாகப் பார்த்தால் அதற்கு வரி சுமார் 5,200 டாலர். சட்டப்படி, அதோடு விலக்கிய 70,000-ஐயும் கூட்டி, 1,15,400-க்கான வரியிலிருந்து 70,000-க்கான வரியைக் கழிக்க வேண்டும். வருவது சுமார் 10,280. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தேதியை மாற்றிய 2555-ஐ, 1040-எக்ஸ் திருத்தப் படிவத்தோடு அனுப்புங்கள். பொதுவாகத் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அனுப்பும் முன், 2555-இன் 38-ஆவது வரிசையில் 219 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.