மினி டிராக்டர் டயரில் எதை நிரப்புவது: வெறும் தண்ணீரா, உப்புக் கரைசலா?

கேள்வி: என்னிடம் 24 எச்.பி. நான்கு சக்கர இழுவை மினி டிராக்டர் இருக்கிறது. பின்டயர் அளவு 8.3-20. ஒட்டன்சத்திரம் அருகே எங்கள் செம்மண் காட்டில் கொத்துக் கலப்பை (கல்டிவேட்டர்) போட்டு உழும்போது வண்டி முன்னே நகராமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறது. எடை கூடி மண்ணில் பிடிப்பு கிடைக்க, பின்டயரில் தண்ணீர் ஏற்றச் சொல்கிறார்கள். ஆனால் டயர் கடைக்காரர் அதை வேண்டாம் என்கிறார். வெறும் தண்ணீர் ரிம்மை அரித்துவிடும் என்றும், மார்கழியில் வாடகை உழவுக்குக் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூர் போகும்போது உறைந்து டயரை வெடிக்கச் செய்யும் என்றும் சொல்லி, கால்சியம் குளோரைடு என்ற உப்பின் கரைசல்தான் ஏற்ற வேண்டும் என்கிறார். எது சரி?

பதில்: உங்கள் டிராக்டருக்கு வெறும் தண்ணீரே போதும். மன்னவனூரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ரிம் அரிக்கும் என்ற அச்சத்தை எடுத்துக்கொள்வோம். உங்களுடையது டியூப் உள்ள டயர். ஏற்றும் தண்ணீர் டியூபுக்குள் நிற்குமே தவிர இரும்பு ரிம்மைத் தொடாது. வால்வின் அடியிலோ டியூபில் விழுந்த ஓட்டையிலோ கசிவு ஏற்பட்டால்தான் அது ரிம்முக்கு வரும். அப்படிக் கசியும்போது நல்ல தண்ணீராக இருந்தால் லேசான துரு பிடிக்கும், கால்சியம் குளோரைடு கரைசலாக இருந்தால் ரிம்மே பொத்துப்போகும். ஆக, கடைக்காரர் தண்ணீரின் மேல் சுமத்தும் குற்றத்தை உண்மையில் செய்வது அவர் விற்க விரும்பும் உப்புதான்.

அந்த உப்பால் கிடைக்கும் கூடுதல் எடையையும் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் அளவு டயரில் முக்கால் பங்கு நிரப்பினால் ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர் கொள்ளும், அதாவது ஒரு சக்கரத்துக்கு 50 கிலோ. அதே இடத்தில் கெட்டியான கால்சியம் குளோரைடு கரைசலை ஏற்றினால் 60 முதல் 65 கிலோ வரை வரும். பத்துப் பதினைந்து கிலோ வித்தியாசத்துக்காக ரிம்மையும் வால்வையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. அந்த எடை அவசியம் என்றால் சக்கரத்தில் இரும்பு வெயிட் மாட்டலாம், வேண்டாதபோது கழற்றியும் வைக்கலாம். கால்சியம் குளோரைடு, மாதக்கணக்கில் பூஜ்ய பாகைக்கு (டிகிரி செல்சியஸ்) கீழே கிடக்கும் கனடா போன்ற நாடுகளின் பண்ணைகளில் தேவையினால் வந்த வழக்கம். அங்கே எடுத்த காணொளிகளைக் காட்டி, நம் ஊரில் கேனில் அடைத்து, கரைசலில் எத்தனை பங்கு உப்பு என்றுகூட எழுதாமல் விற்கிறார்கள். அப்படிப்பட்ட கேனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தண்ணீர் ஏற்றுவதற்கு முன், உங்கள் சக்கரம் உண்மையிலேயே எடைக் குறைவால்தான் சுற்றுகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கலப்பையைத் தூக்கிய நிலையில் வண்டியை ஓட்டி, பின்சக்கரம் சரியாக 10 சுற்றுச் சுற்றுவதற்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று இரண்டு குச்சிகள் நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே தூரத்தைக் கலப்பையை இறக்கி உழுதபடி கடந்து சுற்றுகளை எண்ணுங்கள். பதினொன்றோ பதினொன்றரையோ ஆனால் அது இயல்பான வழுக்கல். எந்த டிராக்டரும் அந்த அளவுக்கு வழுக்கத்தான் செய்யும், வழுக்கவும் வேண்டும். 13 சுற்று ஆனால், சக்கரம் சுற்றுவதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வீணாகிறது என்று பொருள். அப்போதுதான் எடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்போதும்கூட முதல் சந்தேகம் காற்றின் மேல்தான் விழ வேண்டும். பஞ்சர் கடையில் டிராக்டர் டயருக்கும் லாரிக்கு அடிப்பதுபோல் விறைக்க விறைக்கக் காற்று அடித்து அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் அளவுப் பின்டயருக்கு உழவின்போது கையேடு சொல்வது பெரும்பாலும் 20 பவுண்டுக்குள்தான் இருக்கும். காற்று அதிகமாகிவிட்டால் டயரின் நடுப்பகுதி மட்டுமே மண்ணைத் தொடும், டயரின் மேடான பட்டைகள் முழுதாகப் பதியாது, எத்தனை கிலோ ஏற்றினாலும் சக்கரம் சுற்றும். காற்றைச் சரியான அளவுக்கு இறக்கிய பிறகு அந்தச் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்து, உங்கள் கலப்பையில் எத்தனை கொத்து என்று நீங்கள் எழுதவில்லை. மினி டிராக்டர் வாங்குபவரிடம் ஒன்பது கொத்துக் கலப்பையைத் தள்ளிவிடுவது விற்பனை முகவர்கள் பலருடைய பழக்கமாகிவிட்டது. 24 எச்.பி. வண்டிக்குச் செம்மண் காட்டில் ஐந்து கொத்தே போதுமானது. கலப்பை பெரிதாக இருப்பதால் சக்கரம் வழுக்குகிறது என்றால், அதற்காக எடையை ஏற்றிக்கொண்டே போவது கியர் பெட்டிக்கும் அச்சுக்கும் செய்யும் கெடுதல். தண்ணீர் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த முகவரே சொல்லுவார். கலப்பையை மாற்றித் தரும்படி கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் புதினியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையத்தில் டிராக்டர்களின் இழுவிசையைச் சோதிக்கும்போது, கூடுதல் எடை சேர்த்தும் சேர்க்காமலும் அளக்கிறார்கள். டயரில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இரும்பு என்பதெல்லாம் அறிக்கையில் பதிவாகிறது. விவசாயிக்கு வேண்டிய விடை அதில் கிலோ கணக்கில் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில், விவசாயி ஒருநாளும் திறந்து பார்க்காத கோப்பாகக் கிடக்கிறது. மானியம் தரும்போது அடிச்சட்ட எண், புகைப்படம், பட்டா, சிட்டா என்று ஒன்று விடாமல் சரிபார்க்கும் அமைப்பு, அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட்டு வண்டியோடு கொடுக்க வேண்டும் என்று இதுவரை நினைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கேன் விற்பவர்கள் புகுந்துகொள்கிறார்கள். உங்கள் வண்டியின் மாதிரி எண்ணைச் சொல்லி, அதன் சோதனை அறிக்கையைக் காட்டும்படி விற்பனையாளரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் எடை தேவை என்று தெரிந்தால் தண்ணீர் ஏற்றலாம். பின்அச்சை ஜாக்கியால் தூக்கி, வால்வு உச்சியில் நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து, காற்று முழுவதும் போன பின் வால்வு ஊசியைக் கழற்ற வேண்டும். பிறகு, தண்ணீர் உள்ளே போகப் போகக் காற்று வெளியேற வழியுள்ள இணைப்பை மாட்டி நிரப்ப வேண்டும். தண்ணீர் வால்வின் மட்டத்துக்கு வந்து வழியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதுதான் முக்கால் அளவு. மீதிக் கால் பங்கில் காற்று இருந்தே ஆக வேண்டும். இன்னும் எடை வரட்டும் என்று முழுவதும் நிரப்பச் சொல்பவர் பேச்சைக் கேட்டால், டயருக்கு அமுங்கிக் கொடுக்க இடமில்லாமல் போய், கல்லில் ஏறும்போது உள்நூல் அறுந்துவிடும். முக்கால் அளவு நிரப்பினாலே காற்றுக்குள்ள இடம் குறைந்துவிடுவதால் சிறிய கசிவிலும் அழுத்தம் வேகமாக இறங்கும். ஆகவே முன்பைவிட அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். அளக்கும்போதும் வால்வு உச்சியில் இருக்கட்டும். முன்டயரில் தண்ணீர் ஏற்ற வேண்டாம்.

இனி மன்னவனூர். மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானல் மேல்மலையில் உறைபனி விழுவது உண்மை. ஆனால் உறைபனி விழுந்தது என்பதால் டயருக்குள் இருக்கும் தண்ணீரும் உறைந்துவிட்டது என்று ஆகிவிடாது. தெளிந்த வானமுள்ள இரவில் புல்லின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதனால் காற்று இரண்டு மூன்று பாகையில் இருக்கும்போதே புல் வெளுத்துவிடும். டயருக்குள் இருப்பதோ தடித்த ரப்பர் போர்த்திய 50 லிட்டர் தண்ணீர். அது உறைய வேண்டுமானால் முதலில் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். அதன் பிறகும், அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவையோ அவ்வளவு வெப்பத்தை இழந்தால்தான் முழுவதும் பனிக்கட்டியாகும். விடியற்காலை இரண்டு மூன்று மணி நேரக் குளிரில் அது நடக்காது, காலை வெயில் வந்துவிடும். மிஞ்சிப்போனால் ஓரத்தில் மெல்லிய ஏடு படியலாம். எனவே அங்கே இருக்கும் நாட்களில் வண்டியைப் பள்ளத்தில் திறந்தவெளியில் விடாமல் கூரைக்கடியில் நிறுத்துங்கள், அல்லது மேட்டில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்துங்கள், ஏனென்றால் குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும். நிறுத்தும்போது வால்வை மேலே வைத்து விடுங்கள். புல் வெளுத்திருக்கும் காலையில் வெயில் ஏறிய பிறகு வண்டியை எடுங்கள்.

இவ்வளவு சொல்லியும் மனம் ஒப்பவில்லை, மாதக்கணக்கில் அங்கேயே தங்கப் போகிறேன் என்றால், 50 லிட்டருக்கு 10 கிலோ கால்சியம் குளோரைடு கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து பாகை வரை கவலையில்லை. வாளியில் தண்ணீரை வைத்துக்கொண்டு உப்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது நன்றாகச் சூடேறும், ஆறிய பிறகே டயரில் ஏற்ற வேண்டும். வால்வில் கசிவு இருந்தால் டியூபை மாற்றாமல் இதைச் செய்யவே கூடாது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டை உறையாது என்று சொல்லி யாராவது கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அதில் இருக்கக்கூடிய எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கசிந்து தேங்கினால் மாடும் நாயும் நக்கும், நக்கினால் பிழைப்பது கடினம். கழிவு எண்ணெயும் டீசலும் டியூபின் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

பஞ்சர் ஆகும் நாளில் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் நிரம்பிய சக்கரம் ஓராளாகப் பிடித்து நிறுத்தக்கூடிய எடையல்ல, சாய்ந்தால் காலை நசுக்கிவிடும். பஞ்சர் கடைக்காரரிடம் டயரில் தண்ணீர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரிம்மின் மேல் பெயிண்டால் எழுதி வைத்தால் வண்டியை வேறு யார் ஓட்டிச் சென்றாலும் தெரியும்.