காளான் ஏன் செடி இல்லை?

தொடக்கநிலை 3 படிக்கும் மகள், "காளான் மண்ணில்தானே முளைக்கிறது, அப்புறம் ஏன் அது செடி இல்லை?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 18ஆம் நூற்றாண்டில், உயிர்களை வகைப்படுத்திய அறிவியலாளர் லின்னேயஸே காளானைத் தாவரங்களோடுதான் சேர்த்தார். 1969இல் விட்டேக்கர் என்ற சூழலியலாளர் உயிர்களை ஐந்து பெரும்பிரிவுகளாகப் பிரித்தபோது காளான் அடங்கிய பூஞ்சைகளுக்குத் தனி இடம் கொடுத்தார்.

காரணம் சாப்பாடு. செடி வெயிலை வைத்துத் தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். காளானிடம் பச்சையமே கிடையாது. மழை விட்டதும் உங்கள் புளோக் பக்கத்துப் புல்தரையில் ஒன்று முளைத்திருந்தால் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள் (தொட வேண்டாம், சில காளான்களில் நஞ்சு உண்டு). குடைக்கு அடியில் மெல்லிய மடிப்புகள் தெரியும். அவற்றில் விதை இருக்காது, ஸ்போர் எனும் தூள்தான் இருக்கும். உண்மையான உடம்பு மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவி, மக்கிய இலையைக் கரைத்து உறிஞ்சுகிறது. இன்னொன்று, அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின். நண்டு ஓட்டில் இருக்கிறதே, அதே பொருள்! மரபணுப்படி பார்த்தால் காளான் செடியைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

மற்ற பெரும்பிரிவுகளில் விலங்கு, தாவரம் பற்றி அவளுக்கே தெரிந்திருக்கும். பாக்டீரியாவுக்கு இட்லி மாவைக் காட்டுங்கள். இரவு கரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்பது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் வேலை. ஒரே செல், அதற்குள் உட்கருகூட இல்லை. நம் ஊர்ப் புழுக்கம் அதற்குக் கொண்டாட்டம்.