டோனி ஸ்டார்க்குக்கு மூன்று சுற்று கொடுங்கள்

அன்புள்ள சார்,

கார்டு விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். இந்தக் கடிதம் ‘மார்வெல் சாம்பியன்ஸ்’ பற்றி. நான், மனைவி, மச்சினன் என்று மூன்று பேர் ஆடுகிறோம். முதல் பெட்டி மட்டும்தான் இருக்கிறது. ஸ்பைடர்மேன், கேப்டன் மார்வெல், பிளாக் பாந்தர் எடுத்தால் வில்லன் ரைனோவை ஓரளவு சுலபமாக ஜெயித்துவிடுகிறோம். நான் அயர்ன் மேனை எடுத்தால் தோற்கிறோம். ஹீரோ பக்கம் திருப்பினால் கைக்கு ஒரே ஒரு கார்டுதான் வருகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனைவி ஷீ-ஹல்க் எடுத்தாலும் இதே கதைதான், அடி வாங்குவதிலேயே பாதி ஆட்டம் போய்விடுகிறது. “இந்த ரெண்டு பேரையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்” என்கிறான் மச்சினன். எங்கள் கையையும் அவனே பார்த்து எந்தக் கார்டை இறக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறான். இவர்கள் உண்மையிலேயே பலவீனமான ஹீரோக்களா? அப்புறம், தனியாக விற்கும் ஹல்க் கட்டை வாங்கலாம் என்று அவனுக்கு ஆசை. வாங்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

பெட்டியில் வைக்க வேண்டாம். முதல் பெட்டியில் இருக்கும் ஐந்து ஹீரோக்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்கள் இருவரும்தான். பலவீனமானவர்கள் என்று சொல்லவே முடியாது. ஆனால் இவர்களுக்கு வெறுங்கையாக நிற்கும் சுற்றுகள் உண்டு. அந்தச் சுற்றுகள் எவை என்பது மேசையில் இருக்கும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் தோற்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆடாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது 2019-இல் ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனம் வெளியிட்ட கூட்டு விளையாட்டு. ஒருவர் முதல் நான்கு பேர் வரை ஆடலாம். யாரும் யாருக்கும் எதிரி இல்லை, எல்லோரும் சேர்ந்து ஒரு வில்லனை எதிர்க்கிறார்கள். வில்லனை அவனுடைய கார்டுக் கட்டே நடத்துகிறது. ஒரு கார்டை இறக்க வேண்டுமானால் அதன் விலைக்குக் கையில் இருக்கும் மற்ற கார்டுகளைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு ஹீரோவுக்கும் இரண்டு பக்கம் உண்டு: முகமூடி போட்ட ஹீரோ பக்கம், வீட்டில் இருக்கும் ஆல்டர் ஈகோ பக்கம். ஒரு முறைக்கு ஒரு தடவை திருப்பிக்கொள்ளலாம். நீங்கள் ஹீரோவாக நின்றால் வில்லன் உங்களை அடிப்பான். ஆல்டர் ஈகோவாக இருந்தால் அடிக்க மாட்டான், அதற்குப் பதில் தன் சதித்திட்டத்தை வளர்ப்பான், அதாவது ஸ்கீமில் த்ரெட் ஏறும். அது நிரம்பினால் ஆட்டம் முடிந்தது.

சரி, இப்போது ரைனோவின் கணக்கைப் பார்ப்போம். மூன்று பேர் ஆடும்போது அவனுடைய ஸ்கீம் 21-இல் நிரம்பும். யார் என்ன செய்தாலும் சுற்றுக்கு 3 ஏறும். அதற்கு மேல் ஆல்டர் ஈகோவாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் 1, கூடவே வில்லனின் கட்டிலிருந்து எடுக்கும் பூஸ்ட் கார்டில் வருவது. மூன்று பேருமே வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 6 ஏறும், பூஸ்ட் சேர்ந்தால் 9, 10 கூட ஆகும். அப்படி இரண்டு சுற்று போனாலே ஆட்டம் ஆபத்தில் இருக்கிறது. ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால் 4-தான், பூஸ்டோடு 5 அல்லது 6. கேப்டன் மார்வெல் ஒரு சுற்றில் 2 த்ரெட்டை எடுத்துவிட்டால் மிச்சம் தாங்கக்கூடிய அளவுதான். ஆக, மேசையில் ஒருவர் இரண்டு மூன்று சுற்று வீட்டிலேயே இருக்க ரைனோ இடம் கொடுக்கிறான். அந்த இடம் அயர்ன் மேனின் ஆல்டர் ஈகோவான டோனி ஸ்டார்க்குக்குப் போக வேண்டும்.

அயர்ன் மேனின் ஹீரோ பக்கத்தில் கையளவு 1 என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதோடு ஒரு வரி இருக்கிறது: மேசையில் நீங்கள் இறக்கியிருக்கும் ஒவ்வொரு டெக் (Tech, அதாவது கவசம் போன்ற தொழில்நுட்ப) அப்கிரேடுக்கும் ஒரு கார்டு கூடும், 7 வரை. டோனி பக்கத்தில் கையளவு எப்போதும் 6. எல்லோருடைய முறையும் முடியும்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்களோ, அந்தப் பக்கத்தின் கையளவுக்குத்தான் கார்டு எடுக்கிறீர்கள். அதனால் ஒரே ஒரு டெக் கார்டோடு ஹீரோவாகத் திருப்பினால் அடுத்த சுற்றுக்குக் கையில் 2 கார்டுதான் இருக்கும். வெறும் 9 உயிர்ப் புள்ளிகளோடு, தற்காப்பு 1-ஐ வைத்துக்கொண்டு ரைனோ முன்னால் நிற்பீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஆட்டம் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

நான்கு டெக் கார்டாவது இறங்கும் வரை திருப்பாதீர்கள். அதுவரை டோனியாகவே இருந்து, கிடைக்கும் எல்லாவற்றையும் கவசத்துக்கே செலவழியுங்கள். டோனியின் ஃப்யூச்சரிஸ்ட் திறன் கட்டின் மேலே உள்ள மூன்று கார்டைப் பார்த்து ஒன்றைக் கையில் எடுக்கச் சொல்கிறது. மற்ற இரண்டும் கழிந்துவிடும். அதில் ஒரு டெக் கார்டு போகிறதே என்று மனசு கஷ்டப்படும். ஸ்டார்க் டவர் மேசையில் இருந்தால் கஷ்டப்பட வேண்டியதில்லை, கழித்த குவியலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் டெக் கார்டை அது கைக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் என்னைப் பொறுத்தவரை ஸ்டார்க் டவர்தான் முதலில் இறங்க வேண்டிய கார்டு, ஆர்க் ரியாக்டர்கூட அப்புறம்தான். டவர் வந்துவிட்டால் டெக் கார்டைக் கழித்துக்கூட விலை கொடுக்கலாம். எது கடைசியாகக் குவியலுக்குப் போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பெப்பர் பாட்ஸ் கார்டும் குவியலின் மேல் கார்டைப் பார்த்துத்தான் ரிசோர்ஸ் (கார்டின் விலைக்குச் செலவழிப்பது) கொடுக்கிறது என்பதால் அந்த வரிசையில் கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

மார்க் V கவசம் 6 உயிர்ப் புள்ளிகள் கூட்டுகிறது. 9 என்பது 15 ஆகிறது. அது இறங்கிய பின் திருப்பினால் மேசையில் ஒரு நிம்மதி வருவதை நீங்களே பார்ப்பீர்கள். ராக்கெட் பூட்ஸ் போட்டுப் பறக்கத் தொடங்கினால் சூப்பர்சானிக் பஞ்சின் அடி 4-லிருந்து 8 ஆகிவிடும்.

இரண்டு ஹீரோக்களுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. பக்கம் திருப்புவதை முறையின் தொடக்கத்திலேயே செய்துவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள். முதலில் இருக்கும் பக்கத்தின் வேலைகளை முடித்துவிட்டுத் திருப்பினால், ஒரே முறையில் இரண்டு பக்கத்தின் பலனும் கிடைக்கும். டோனியாக இருந்து ஃப்யூச்சரிஸ்ட், ஸ்டார்க் டவர் இரண்டையும் பயன்படுத்திவிட்டு ஹீரோவாகத் திருப்பி அடிக்கலாம். அடுத்த முறை, அடிக்க வேண்டியதை அடித்துவிட்டு டோனியாகத் திரும்பி மறுபடி ஃப்யூச்சரிஸ்ட் பார்க்கலாம்.

ஷீ-ஹல்க்குக்குத் திருப்புவதே ஆயுதம். ஜெனிஃபர் வால்டர்ஸிலிருந்து ஷீ-ஹல்க்காக மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு எதிரிக்கு 2 அடி விழும். ஜெனிஃபரின் கையளவு 6, ஷீ-ஹல்க்கின் கையளவு 4. 15 உயிர்ப் புள்ளிகள் இருக்கிறதே என்று ஹீரோவாகவே நின்றுகொண்டிருந்தால் 4 கார்டிலேயே ஆட்டத்தை ஓட்ட வேண்டியிருக்கும், அந்த 2 அடியும் ஒரே தடவையோடு முடிந்துவிடும். உங்கள் மனைவி அடி வாங்கிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு சுற்று ஜெனிஃபர், ஒரு சுற்று ஷீ-ஹல்க் என்று மாறி மாறி ஆடச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல சுற்று எப்படிப் போகும் என்று பார்க்கலாம். ஜெனிஃபராக 6 கார்டோடு முறை தொடங்குகிறது. சூப்பர்ஹியூமன் ஸ்ட்ரெங்த்தை இறக்குகிறார், அடியோடு 2 கூடுகிறது. ஷீ-ஹல்க்காகத் திருப்புகிறார், ரைனோவுக்கு 2. அவருடைய சாதாரண அடி 3, இப்போது 5. அந்த அடி விழுந்ததும் ஸ்ட்ரெங்த் கழிந்து, ரைனோ ஸ்டன் ஆகிறான். அடித்ததும் களைத்துப் படுத்துவிடும் ஷீ-ஹல்க் கார்டை ஒன்-டூ பஞ்ச் போட்டு மறுபடி நிமிர்த்தி இன்னொரு 3. மொத்தம் 10 அடி, அதோடு ரைனோவின் அடுத்த தாக்குதலும் இல்லை. ரைனோ மேல் டஃப் கார்டு (அடுத்து விழும் ஓர் அடியை முழுதாகத் தடுப்பது) இருந்தால் திருப்பும்போது விழும் அந்த 2 அடியே அதை உரித்துவிடும், பெரிய அடி வீணாகாது. ஸ்டன் விஷயத்தில் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: ரைனோ முதல் ஆட்டக்காரரிலிருந்து தொடங்கி வரிசையாகத் தாக்குவதால், ஸ்டன் காப்பாற்றுவது அந்த வரிசையில் முதலில் ஹீரோவாக நிற்பவரைத்தான். உயிர் குறைந்தவர் முதல் ஆட்டக்காரராக இருக்கும் சுற்றில் ஸ்டன் விழுமாறு பார்த்துக்கொண்டால் அதற்கு இரட்டிப்பு மதிப்பு.

காமா ஸ்லாம் ஷீ-ஹல்க் வாங்கியிருக்கும் அடியளவுக்குத் திருப்பி அடிக்கும், 15 வரை. அதனால் அவர் அடி வாங்குவதைக் கண்டு பதற வேண்டாம். ஃபோகஸ்டு ரேஜ் தனக்குத்தானே 1 அடி வாங்கி ஒரு கார்டு எடுக்கச் சொல்கிறது, இவருக்கு அது இரண்டு வகையில் லாபம். முக்கியமானது வரிசை. முதலில் ஸ்லாம், அப்புறம்தான் ஜெனிஃபராகத் திரும்பி ஓய்வெடுத்து 5 உயிர்ப் புள்ளிகளை மீட்பது. மாற்றிச் செய்தால் ஸ்லாமின் பலம் அந்த அளவு குறைந்துவிடும். ஸ்லாம் ஈவென்ட் கார்டு என்பதால் அதற்கு ஷீ-ஹல்க் களைக்கத் தேவையில்லை. எனவே விலை கொடுக்கக் கையில் வழி இருந்தால் ஸ்லாம், திருப்பல், ஓய்வு மூன்றும் ஒரே முறையில் நடக்கும். ஸ்ப்ளிட் பெர்சனாலிட்டியைக் கை கிட்டத்தட்டக் காலியான பிறகே இறக்குங்கள். பக்கம் மாறிப் புதிய கையளவுக்குக் கார்டு எடுக்கச் சொல்லும் கார்டு அது. ஜெனிஃபர் பக்கம் மாறினால் 6 கார்டு வரும்.

ஜெனிஃபராக இருக்கும் சுற்றில் த்ரெட் ஏறுமே என்று கேட்பீர்கள். அவர் வக்கீல். ஸ்கீமில் ஏறும் த்ரெட்டில் 1-ஐ சுற்றுக்கு ஒரு தடவை தடுப்பார். லீகல் பிராக்டிஸ் இருந்தால் கழிக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் 1 வீதம் 5 வரை எடுப்பார்.

மேசை விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் மனைவியும் இந்த இருவரையும் எடுத்தால் மச்சினன் கேப்டன் மார்வெலை எடுக்கட்டும், முதல் முறையிலேயே ஹீரோவாகத் திருப்பி ஸ்கீமைப் பார்த்துக்கொள்ளட்டும். டோனி வீட்டில் இருக்கும் சுற்றுகள் அவர் மற்ற இருவரிடம் வாங்கும் கடன். கொடுப்பவர்களுக்கு எத்தனை சுற்று என்று தெரிந்தால்தான் அதற்கேற்றபடி தங்கள் கட்டை நடத்த முடியும். ஹெலிகேரியர் கார்டு யாரிடம் வந்தாலும் முதல் இரண்டு மூன்று சுற்று அதை டோனிக்கே கொடுங்கள், அவர் இறக்கும் அடுத்த கார்டின் விலை 1 குறையும். லீடர்ஷிப் வகைக் கட்டில் வரும் கூட்டாளிக் கார்டுகளைத் தாக்குதலைத் தாங்கிக்கொள்ள நிறுத்துங்கள். ஒருவர் மேல் வரும் தாக்குதலை இன்னொருவரின் ஹீரோ களைத்துத் தடுக்கலாம் என்பதும் விதியில் இருக்கிறது, நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் தடுத்த ஹீரோ அடுத்த முறை களைத்தே இருப்பார். அடுத்த முறை அடிக்கத் தேவையில்லாதவர் தடுக்கட்டும்.

மச்சினன் எல்லோர் கையையும் பார்த்துச் சொல்வது பற்றி. அவருக்கு விளையாட்டின் மேல் இருக்கும் ஆர்வம்தான் அது, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த ஹீரோக்களுக்கு அது நல்லதில்லை. சுலபமான ஹீரோவின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லிவிடலாம். டோனியின் குவியலில் மேலே என்ன இருக்கிறது, ஜெனிஃபர் இன்னும் எவ்வளவு அடி தாங்கலாம் என்பதெல்லாம் அதை ஆடுபவர் இரண்டு மூன்று சுற்றாக மனசில் வைத்து நடத்துவது. நடுவில் ஒருவர் புகுந்து ‘இதை இறக்கு’ என்றால் அந்தத் திட்டம் உடைந்துவிடும். நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள்: ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன் மூவரும் ‘இந்தச் சுற்றில் என்னால் எது முடியாது’ என்பதை மட்டும் சொல்லுங்கள். ‘என்னால் த்ரெட் எடுக்க முடியாது’, ‘நான் அடி தாங்க மாட்டேன்’, அவ்வளவு போதும். மற்றவர் அதற்கு ஏற்பாடு செய்வார். எப்படி ஆடுவது என்பது கார்டு வைத்திருப்பவரின் முடிவு.

கடைசியாக ஹல்க். வாங்கலாம். 18 உயிர்ப் புள்ளிகள், அடி 3, த்ரெட் எடுக்கும் திறன் பூஜ்யம். முறை முடியும்போது கையில் இருப்பதையெல்லாம் கழித்துவிட வேண்டும் என்று அவருடைய கார்டில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஹல்க்கால் தற்காத்துக்கொள்ள முடியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கழிப்பது அவருடைய முறை முடியும்போது. புதிய கார்டுகள் எடுப்பது எல்லோருடைய முறையும் முடிந்த பிறகு. ஆக வில்லன் தாக்க வரும்போது ஹல்க்கின் கை நிறைந்துதான் இருக்கும், தற்காப்பு கார்டுகளை அப்போது தாராளமாக இறக்கலாம். மீந்தவை அடுத்த முறைக்கு வரும். நல்ல கார்டு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைப்பது மட்டும் இவரிடம் நடக்காது, வந்ததை வந்த சுற்றிலேயே செலவழிக்க வேண்டும். மச்சினனுக்கு இவர் பொருத்தமாக இருப்பார் என்றே தோன்றுகிறது. ஆனால் அவர் ஹல்க் எடுக்கும் நாளில் டோனி ஸ்டார்க்கை எடுக்காதீர்கள். மூன்று பேர் மேசையில் த்ரெட் எடுக்காத இருவரை ரைனோகூட மன்னிக்க மாட்டான். அன்றைக்குக் கேப்டன் மார்வெல் உங்கள் கையில் இருக்கட்டும்.

அன்புடன்.