எக்ஸ்ரே சுத்தம், ஆனால் நாயின் பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்துவிட்டன. எம்ஆர்ஐ எடுத்தே ஆக வேண்டுமா?

செந்தூலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். காலையில் ஓடிய டாஷ்ஹவுண்ட் சாயங்காலம் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள், இதற்கு மேல் செலவு செய்யலாமா என்று.

செய்யுங்கள். எக்ஸ்ரே காட்டுவது எலும்பைத்தான். தண்டுவடமும் அதைச் சுற்றித் தேங்கிய ரத்தமும் அதில் தெரியாது.

டாஷ்ஹவுண்ட் என்றாலே முதல் சந்தேகம் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கும் என்பதுதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ரத்தக் கசிவாலும் இப்படி ஆகலாம். பினாங்கில் எங்கள் நாய்க்கு அப்படித்தான் ஆனது. டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைவு, காரணம் உண்ணிக் காய்ச்சல். எம்ஆர்ஐயில் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் தேங்கியிருந்தது. டிஸ்க் என்று முடிவு கட்டிக் கத்தி வைத்திருந்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்கும். மருந்து கொடுத்துத் தட்டணு ஏறியபின் மெல்ல மெல்ல எழுந்து நடந்தான்.

அதனால் ஸ்கேனுக்கு முன்பே தட்டணு எண்ணிக்கையும் ரத்தம் உறையும் நேரமும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெக்கையில் உண்ணிக்கு ஓய்வே கிடையாது. அக்கம்பக்கத்தில் எலி விஷம் வைத்தார்களா என்றும் விசாரியுங்கள். தின்று சில நாள் கழித்துத்தான் ரத்தம் கசியத் தொடங்கும், அதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது.

சிடி ஸ்கேன் சீக்கிரம் முடியும். புது ரத்தம் அதில் வெள்ளையாகத் தெரியும். சுண்ணாம்பேறிய டிஸ்க்கும் வெள்ளைதான், அதனால் சில நேரம் இரண்டையும் பிரிப்பது கடினம். எம்ஆர்ஐ தண்டுவடத்தின் உள்ளேயே காட்டும். ரத்தத்தைக் கறுப்பாகக் காட்டும் தனிப் பதிவும் அதில் உண்டு, அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தண்டுவடத்தின் ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதமும் எம்ஆர்ஐயில்தான் பிடிபடும். அதற்கு அறுவை சிகிச்சையே வேண்டாம். இரண்டு ஸ்கேனுக்கும் பொதுவாக மயக்க மருந்து தருவார்கள்.

இன்றைக்கே கேட்க வேண்டிய இன்னொன்று, ஆழ்ந்த வலி உணர்வு இருக்கிறதா என்பது. விரலை இடுக்கியால் அழுத்தினால் காலை இழுப்பது போதாது, அது அனிச்சைச் செயல். திரும்பிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கத்த வேண்டும். டிஸ்க் என்றால், அந்த உணர்வு இருக்கும்போதே அறுவை செய்த நாய்களில் பெரும்பாலானவை மறுபடி நடக்கின்றன. உணர்வு போய்விட்டால் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான்.

வீட்டில் இருக்கும் பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். காரில் ஏற்றும்போது முதுகு வளையாமல் ஒரு பலகையில் படுக்க வையுங்கள். அப்புறம், சிறுநீர் தானாகப் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் இன்று இரவே பக்கத்து கிளினிக்கில் சிறுநீர்ப்பையை அழுத்தி வெளியேற்றச் சொல்லுங்கள்.